எலும்புகளுக்கு இரண்டு வயது
மாத்தளைப் புதைகுழியும் ஒரு பேய்த் துப்பறியும் நாவலும்

2012 நவம்பர் கடைசியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிர்வாயுக் கலம் ஒன்று அமைப்பதற்காக மண் வெட்டினார்கள். மண்ணோடு மனித எலும்பு வந்தது. வேலை நின்றது. பொலிஸ் வந்தது, நீதவான் வந்தார், சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் வந்தார்கள். அடுத்த சில மாதங்களில் 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே எடுக்கப்பட்டன. வரிசை பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன அவை. பல்லேபொல, உக்குவளை, றத்தோட்டை என்று சுற்றியுள்ள ஊர்களில் யாருக்காவது நோய் முற்றினால் கொண்டு ஓடும் இடம் இந்த வைத்தியசாலைதான். பிள்ளை பிறந்ததும் இங்கே, அப்பா கண்மூடியதும் இங்கே என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் பல்லேபொலவில் ஏராளம். அவர்கள் நடந்து திரிந்த வளவுக்கு அடியில் இத்தனை பேர் கிடந்திருக்கிறார்கள்.

யார் இவர்கள் என்ற கேள்விக்கு ஊரில் உடனே பல விடைகள் எழுந்தன. 1940களில் பரவிய அம்மை நோயில் செத்தவர்கள் என்றார்கள் சிலர். மண்சரிவில் புதைந்தவர்கள் என்றார்கள் வேறு சிலர். 1989ஐ நினைவில் வைத்திருந்தவர்கள் முதலில் வாய் திறக்கவில்லை. பிறகு களனிப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் பேராசிரியர் ராஜ் சோமதேவ, குழியில் கிடைத்த பொருட்களையும் தடயங்களையும் ஆராய்ந்து, இது 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்துப் புதைகுழி என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியும் அதை அரசு நசுக்கிய விதமும் சரியாக அந்த ஆண்டுகளுக்குள்தான் வருகின்றன. 2013இல் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கும் பீட்டா அனலிட்டிக் ஆய்வுகூடத்துக்குப் போயின. அங்கிருந்து வந்த முடிவு, எலும்புகள் 1950க்கு முற்பட்டவை என்றது. அதற்குப் பிறகு வழக்கு நகரவில்லை.

துப்பறியும் கதை வாசிப்பவருக்கு இதெல்லாம் பழகிய ஏற்பாடு. பிணம் உண்டு, தடயம் உண்டு, நிபுணர்கள் உண்டு, முரண்படும் இரண்டு விடைகளும் உண்டு. கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. அப்படிக் கடைசி அத்தியாயம் இல்லாமல் போன வழக்குகளின் நாட்டிலிருந்துதான் 2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவல் வந்தது. ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா'வில் துப்பறிகிறவனே பேய். கொலையானவன் தன் கொலையைத் தானே விசாரிக்கிறான். இதை வெறும் உத்தி விளையாட்டு என்று தள்ளிவிடுவது எளிது. மாத்தளைக் கோப்பை ஒரு கையிலும் நாவலை மறுகையிலும் வைத்துக்கொண்டு படித்தால், இந்த நாட்டில் நேர்மையான துப்பறியும் கதைக்கு வேறு வழியே இல்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பேயும் துப்பறிதலும் ஒரே கதைக்குள் சேரும்போது யார் யாரை வெல்ல வேண்டும் என்பதற்கு ஒரு மரபு உண்டு. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்யத்துக்கு அங்கே இடமில்லை என்பது அவற்றில் ஒன்று. அவருக்கு முன்பே கோனன் டாயில் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதையில் வழியைக் காட்டியிருந்தார்: முதலில் பயமுறுத்து, கடைசியில் பாஸ்பரஸைக் காட்டு. தமிழில் இந்த வழியின் உச்சம் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்தபோது வாராவாரம் வாசகரைத் துப்பறியும் வக்கீல்களான கணேஷ் பக்கமும் வசந்த் பக்கமும் மாறி மாறி இழுத்தது. எஸ்டேட்டில் உலவும் உருவம் பேயா, ஹோலோகிராம் என்ற ஒளிப்பட வித்தையா என்பதே அதன் இயக்கம். இந்திரா சௌந்தர்ராஜன் வேறு பாதையில் போனார். 'மர்மதேச'த்தின் 'விடாது கருப்பு' சன் தொலைக்காட்சியில் ஓடிய காலத்தில், ஊரில் கொலை செய்வது கருப்பசாமியா மனிதனா என்று வீட்டுக்கு வீடு பந்தயம் கட்டினார்கள். அவர் பகுத்தறிவுக்கு ஒரு கதவும் பக்திக்கு ஒரு கதவும் திறந்து வைத்துவிட்டுப் போவார். சுஜாதா ஒரு கதவைத்தான் திறப்பார்; ஆனால் அது சரியாகச் சாத்தாமல் காற்றில் ஆடும்.

இருவரிலும் ஓர் அனுமானம் பொது. விசாரணை என்று ஒன்று நடக்கும். கணேஷ் கேட்டால் பொலிஸ் கோப்பைக் காட்டும். ஆய்வுகூடம் சொல்வது ஒரே விடையாக இருக்கும். இந்த அனுமானம் இருந்தால்தான் பேயை விளக்கி விரட்ட முடியும்.

நம் பழைய கதைகளில் அந்த அனுமானம் கிடையாது. காவிரிப்பூம்பட்டினத்துச் சதுக்கப்பூதம் பொய்ச்சாட்சி சொல்பவனைப் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும் என்கிறது சிலப்பதிகாரம். அரசனின் காவலுக்குத் தப்பிய குற்றத்தைப் பிடிக்கும் காவல் அது. பழையனூர் நீலி இன்னும் சிக்கலானவள். போன பிறவியில் தன்னைக் கொன்ற கணவனை வணிகனாகக் கண்டு துரத்தி வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேளாளர் சபையில் வழக்குச் சொல்கிறாள். அவள் கேட்பது நியாயம். காட்டுவது பொய்ச் சாட்சியம். 70 வேளாளர் வணிகனின் உயிருக்குப் பிணை நிற்கிறார்கள், அவனை இழக்கிறார்கள், சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். ஒழுங்காகக் கூடிய சபையும் கண்முன் இருந்த சாட்சியமும் சேர்ந்தே ஏமாந்து போகும் கதை இது. மாத்தளையை யோசிக்கும்போது எனக்குக் கணேஷ் நினைவுக்கு வருவதில்லை, நீலிதான் வருகிறாள்.

புளோரிடா முடிவைச் சற்றுக் கிட்டப் பார்க்க வேண்டும். காபன்-14 காலக்கணிப்பில் 1950 என்பது அடையாளக் கல். ஐம்பதுகளின் நடுவிலிருந்து வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலிருந்த காபன்-14ஐ மளமளவென்று ஏற்றி, 1963 அளவில் வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ இருமடங்காக்கின. காற்றிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து எலும்புக்கும் அது போனது. 1989இல் 22 வயதில் கொல்லப்பட்ட ஒருவர் 1967இல் பிறந்தவர். வாழ்நாள் முழுவதும் அவர் தின்றது குண்டுக் காபன் ஏறிய சோறு. அவருடைய எலும்பு, ஒழுங்காக எடுத்து ஒழுங்காகச் சோதித்தால், 1950க்கு முன்னது என்று வாசிக்கப்பட வழியில்லை. ஆகவே சோதிக்கப்பட்ட எலும்புகள் உண்மையிலேயே பழையவையாக இருக்கலாம்; அப்படியானால் சோமதேவ கண்ட பொருட்கள் அந்தக் குழிக்குள் எப்படி வந்தன என்று யாராவது சொல்ல வேண்டும். அல்லது 150க்கு மேற்பட்டவர்களுக்காக அனுப்பப்பட்ட சில துண்டுகள் எவை, யார் தெரிந்தெடுத்தார், யார் முத்திரையிட்டார், வழியில் யார் கையில் இருந்தன என்று சொல்ல வேண்டும். ஆய்வுகூடம் தன் மேசைக்கு வந்ததைத்தான் அளக்கும். மேசைக்கு வராததைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றையாவது முடிவு வரை துரத்தியிருந்தால் மாத்தளைக்கு ஒரு கடைசி அத்தியாயம் கிடைத்திருக்கும்.

1989 மேயிலிருந்து 1990 ஜனவரி வரை மாத்தளை மாவட்ட இராணுவ ஒருங்கிணைப்பு அதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ச. எலும்புகள் கிடைத்த நேரத்தில் அவர் பாதுகாப்புச் செயலாளர். ஆணைக்குழுவை நியமித்தவர் அவருடைய அண்ணன். புதைகுழிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டென்று எந்த நீதிமன்றமும் கண்டதில்லை. ஆனால் ஒரு நாவலாசிரியர் இப்படி ஓர் ஏற்பாட்டைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், இது நம்பும்படி இல்லை என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்த ஆண்டுகளின் பயங்கரம் ஒருதலையானது அல்ல. ஜே.வி.பி.யின் ஆயுதப் பிரிவு துண்டுச் சீட்டில் கட்டளை எழுதி அனுப்பும். கடை அடைக்கச் சொல்லும், பஸ் ஓடக்கூடாது என்னும், மீறியவரைக் கொல்லும். அப்படிக் கொன்றவரின் சவப்பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கக்கூடாது என்றும் விதி வைத்தது. சவத்தைக் குனிந்து சுமந்த ஊர்கள் மத்திய மாகாணத்திலும் தெற்கிலும் உண்டு. மறுபக்கம் கறுப்புப் பூனைகள், மஞ்சள் பூனைகள், பச்சைப் புலிகள் என்ற பெயர்களில் முகமூடிக் கொலைக்குழுக்கள் திரிந்தன. தெருவோரம் டயரில் எரிந்த உடல்கள் கிடந்தன. பின்னொரு காலத்தில் இராணுவத்தின் நீண்டதூர ஊடுருவல் அணிக்கு மகாசோன் என்ற பெயர் புழங்கியது. மகாசோன் சிங்களக் கிராமத்துச் சுடுகாட்டுப் பேய். இரவில் தனியே போகிறவனின் முதுகில் அறைந்து கொல்வது அதன் வழக்கம். பெயர் வைத்தவர்களுக்குத் தங்கள் ஊர்க் கதைகள் நன்றாகத் தெரிந்திருக்கின்றன.

கருணாதிலகவின் நாவல் நடப்பது அந்தப் பயங்கர ஆண்டுகளின் கொழும்பில். கதாநாயகன் மாலி அல்மேதா போர்ப் புகைப்படக்காரன், சூதாடி, தன் ஒருபால் விருப்பத்தை ஊரிடம் மறைத்து வாழ்ந்தவன். தான் செத்துவிட்டது அவனுக்குத் தெரியவரும் இடத்திலேயே கதை தொடங்குகிறது. மறுவுலகம் ஓர் அரசாங்கக் கந்தோர். வரிசை, கவுண்டர், படிவம், கத்தல், ஒருவரும் பதில் சொல்லாத மேசை. அங்கே காதைப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். ஏழு நிலவுக்குள், அதாவது ஏழு இரவுக்குள், ஒளிக்குள் போய்விட வேண்டும். இல்லையென்றால் பேயாகவே அலைய வேண்டும். கழுத்தில் கண்ணாடி உடைந்த நிக்கான் கமெரா தொங்குகிறது. கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறையப் படங்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்தின் படங்களும் அவற்றில் உண்டு. யார் தன்னைக் கொன்றார் என்று கண்டுபிடிக்க வேண்டும், படங்கள் வெளியே வரவும் வேண்டும். உடலோ துண்டு துண்டாக பேரை ஏரியில். கதை முழுவதும் மாலியை 'நீ' என்று விளித்தே சொல்லப்படுகிறது. செத்தவனோடு அவனே பேசுவதுபோல ஒலிக்கும் அந்த விளி, சில பக்கங்களில் வாசகரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

இந்தத் துப்பறிவாளனுக்கு ஆசிரியர் விதித்த கட்டுப்பாடுகள்தான் நாவலின் மூளை. அவன் சுவரைத் தாண்டலாம், காற்றில் ஏறிப் போகலாம். ஆனால் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. தன் உடல் போன இடத்துக்குப் போகலாம். யாராவது தன் பெயரைச் சொன்னால் அந்த இடத்துக்குப் போகலாம். தடயத்தைத் தொட முடியாது. சாட்சியை மடக்கிக் கேட்க முடியாது. கண்டதை உயிரோடிருப்பவரிடம் எளிதில் சொல்ல முடியாது. உயிரோடிருக்கும் இரண்டு பொலிஸ்காரர் இதே வழக்கை விசாரிப்பதுபோல் நடிக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் முடியும், எதையும் செய்வதில்லை. உண்மை தேடும் விருப்பம் செத்தவனிடமும், அதைத் தேடும் அதிகாரம் உயிருள்ளவர்களிடமுமாகப் பிரிந்து கிடப்பதுதான் இந்தக் கதையின் திகில். சங்கிலியும் நாயும் ஓலமும் தராத திகில் இது.

பெயர் சொன்னால் வரலாம் என்ற விதியை நான் மேலும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன். காணாமலாக்கப்பட்டோரின் வீடுகளில் பெயர் ஓயாமல் சொல்லப்படும். பொலிஸ் வாசலில், ஆணைக்குழு முன்னால், கோயிலில், வெயிலில் குந்தியிருக்கும் பந்தலில். 1994இல் சந்திரிகா அரசு நியமித்த மூன்று வலய ஆணைக்குழுக்கள் 16,000க்கும் அதிகமான காணாமற்போதல்களுக்குச் சான்று கண்டன. அத்தனை பெயர்களையும் யாரோ ஒரு தாயோ மனைவியோ எழுத்தர் முன்னால் நின்று எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறார்கள். நாவலின் விதிப்படி ஒவ்வொரு முறையும் ஓர் ஆவி அந்த அறைக்குள் வந்து நின்றிருக்கும். கருணாதிலக இதை விரித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த விதியை அவர் இந்த நாட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

மாலிக்கு ஓர் அசல் உண்டு. பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சா 1990 பெப்ரவரி 18 விடியுமுன் கொழும்பில் தன் வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். உடல் மொறட்டுவைக் கரையில் ஒதுங்கியது. அவருடைய தாய் வைத்தியர் மனோராணி சரவணமுத்து, தமிழர். மகனைக் கூட்டிப்போனவர்களில் ஒருவரைத் தொலைக்காட்சியில் கண்டு, பொலிஸ் அதிகாரி என்று அடையாளம் சொன்னார். நீண்டு இழுத்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2005இல் விடுதலையானார்கள். தாய் அதற்குள் இறந்துவிட்டார். நாவலில் ஒளிக்குள் போகச் சொல்லி மாலியை வற்புறுத்தும் டொக்டர் ராணி ஸ்ரீதரனுக்குப் பின்னால் இருப்பவர் ராஜனி திராணகம. 'முறிந்த பனை' எழுதிய நால்வரில் ஒருவரான அவர் 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார். சுட்டது விடுதலைப் புலிகள் என்பது பரவலான நம்பிக்கை. எந்தப் பக்கத்தின் கொலையையும் இந்த நாவல் தள்ளுபடி செய்வதில்லை. தமிழ் வாசகருக்கு இது சில இடங்களில் உறுத்தும். உறுத்தட்டும்.

மனோராணி தலைவியாக இருந்த அன்னையர் முன்னணியின் கதை நாவலுக்கு வெளியே நடந்த பேய்க்கதை. பெரும்பாலும் தெற்கத்திச் சிங்களத் தாய்மார்; அவர்களை ஒன்று திரட்டியவர்களில் மங்கள சமரவீரவும் அன்று எதிர்க்கட்சியில் இருந்த மகிந்த ராஜபக்சவும் உண்டு. மனு எழுதிக் களைத்த பிறகு இவர்கள் தெய்வத்திடம் போனார்கள். 1992 ஜூன் 23, ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாள். அன்று கொழும்பில் கூடி, தலைவிரி கோலமாக, தேங்காய் உடைத்து, பிள்ளைகளை விழுங்கியவர்களைச் சபித்தார்கள். முகத்துவாரம் காளி கோயில் வாசலிலும் அந்தச் சாபம் விழுந்தது. ஜனாதிபதி பதிலுக்குச் சாந்திச் சடங்குகள் நடத்தினார். 1993 மே தினத்தன்று அவர் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். சாபம் பலித்தது என்று சொன்ன தாய்மார் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு நாட்டின் அதிபர் நீதிமன்றத்துக்குப் பயப்படாமல் தேங்காய்க்குப் பயந்தார் என்பதை நான் அலட்சியம் செய்ய முடியாது.

மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1975இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு திறவுகோல் இருக்கிறது. சீனிகம தேவோல் கோயில், முன்னேஸ்வரம் காளி கோயில் போன்ற இடங்களில் சூனியமும் சாபமும் வைக்க வந்தவர்களை அவர் ஆராய்ந்தார். அடக்கிவைத்த கொலைவெறிக்கு அந்தச் சடங்குகள் வடிகாலாகின்றன என்பது அவர் கண்ட விளக்கம். சீனிகமவில் அம்மியில் மிளகாய் அரைத்துச் சபிப்பவர், அரிவாளை எடுக்காமல் வீடு திரும்புகிறார். மாத்தளைத் தோட்டங்களிலும் இதற்கு இணை உண்டு. லயத்துச் சண்டை பொலிஸுக்குப் போகாது. முனியாண்டி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் தீரும். தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ரோதமுனி என்று சாமி வைத்தவர்கள், கங்காணியும் துரையும் கேட்காத முறைப்பாட்டைக் கேட்க ஒருவரை நியமித்துக்கொண்டார்கள் என்றே படுகிறது.

நாவலில் குறைகள் இல்லாமலில்லை. பேய்கள் அதிகம். கடைத்தெரு ஒலிபெருக்கிபோல எல்லாம் ஒரே நேரத்தில் கத்துகின்றன. இரண்டாம் நிலவுக்கும் ஐந்தாம் நிலவுக்கும் இடையில் கதை பல தடவை மூச்சிழுக்கிறது. மாலியின் நக்கல் சில இடங்களில் துயரத்தைக் கிட்ட வரவிடுவதில்லை. கொலையாளி யார் என்பதை இங்கே உடைக்கப்போவதில்லை. ஆனால் அந்த விடை வரும்போது, இத்தனை நாள் சந்தேகித்த பெரிய அரங்கிலிருந்து கதை சட்டென்று ஒரு சிறிய அறைக்குள் புகுந்துவிடுகிறது. அரசியல் கொலைக்கு அந்தரங்கக் காரணம் கொடுத்தது ஆசிரியரின் தைரியம் என்று ஒரு வாசிப்பு உண்டு. எனக்கு அது துப்பறியும் கதை மரபு கடைசி நேரத்தில் கேட்டு வாங்கிய வரியாகத்தான் தெரிகிறது. யாரோ ஒருவர் செய்தார் என்று விரல் நீட்டியாக வேண்டுமே. மாத்தளையில் விரல் நீட்ட ஒருவர் போதாது.

மாத்தளை தனித்த சம்பவமாக நின்றிருந்தால் இதை இவ்வளவு தூரம் இழுத்திருக்க மாட்டேன். 2018இல் மன்னாரில் சதொச கட்டடத்துக்காகத் தோண்டியபோது 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அகழ்வில் அங்கும் ராஜ் சோமதேவ. காலக்கணிப்புக்கு அங்கும் அதே புளோரிடா ஆய்வுகூடம். இம்முறை விடை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடையே போனது. செம்மணியில் 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அதே பகுதியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் கட்டட வேலைக்குத் தோண்டப்போய், 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் குழந்தைகளுடையவையும் உண்டு. வடக்கில் தமிழருக்கும் மாத்தளையில் சிங்களவருக்கும் நேர்ந்ததை வேறு வேறு அரசியலாகப் பேசிப் பழகிவிட்டோம். குழியைத் திறக்கும் முறையும் கோப்பை மூடும் முறையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

காலத்தைப் பற்றிய வாதம் எப்படி முடிந்தாலும், ஆளை அடையாளம் காண மரபணுச் சோதனை என்ற வழி இன்னும் திறந்தே இருக்கிறது. பல்லும் எலும்பும் இருக்கும்வரை அது சாத்தியம். ஆனால் ஒப்பிடுவதற்கு உறவினரின் மாதிரி வேண்டும், அதிலும் தாயின் மாதிரி மிகப் பயன்படும். 1989இல் மகனைத் தேடிப் பொலிஸுக்குப் போன 40 வயதுத் தாய் இன்று எண்பதை நெருங்குகிறார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகத்துக்கு அவர்களைத் தேடிக் கண்டறியும் பொறுப்பு உண்டு. பல்லேபொலவிலும் நாவுலவிலும் றத்தோட்டையிலும் அந்தத் தாய்மார் உயிரோடிருக்கும்போதே, அவர்களுடைய வீட்டுக்கே போய் வாயில் ஒரு பஞ்சுக்குச்சி ஒற்றி எடுத்து, பெயரெழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். மாத்தளை எலும்புகளை மீண்டும், இரண்டு சுயாதீன ஆய்வுகூடங்களில், குடும்பங்களின் சட்டத்தரணிகள் முன்னிலையில் முத்திரையிட்டு அனுப்பிச் சோதிக்க வேண்டும்.